வெற்றுத் தோட்டா சொல்லும் சாட்சி

சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பித்தளைக் கூடு. உள்ளே ஒன்றும் இல்லை. இருந்த மருந்து எரிந்து போய்விட்டது, குண்டு பறந்து போய்விட்டது. இதைக் கையில் எடுத்து ஒருவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதன் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்கிறார். மைக்ரோமீட்டரால் அதன் குறுக்களவை அளக்கிறார்.

அப்படி அதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ரைபிள் வைத்திருப்பவர்களில் பலர், சுட்ட கூட்டை எறிந்துவிடுவதில்லை. அதில் புதிய மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்கிக் கொள்கிறார்கள். அங்கே அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். எனவே, மாணவ நண்பர்களே, இது நாம் செய்து பார்க்கும் வேலை அல்ல. ஆனால் அந்த வெற்றுக் கூட்டில் ஓர் அருமையான பௌதிகப் பாடம் இருக்கிறது. கண்ணால் காண முடியாத ஒன்றை, அது விட்டுச் சென்ற தடயத்தைக் கொண்டு அறிவது எப்படி? அந்தத் தடயத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்த இரண்டு கேள்விகளும் விஞ்ஞானத்தின் எல்லாத் துறைகளிலும் எழுபவை. துப்பாக்கி விஷயத்தில் விடை தவறினால் கண்ணோ கையோ போய்விடும். அதனால் அங்கே இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

தோட்டாவுக்குள் என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது பித்தளைக் கூடு. இதில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இரண்டாவது, கூட்டின் அடியில் நடுவில் பதிந்திருக்கும் பிரைமர். தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் கேப்பைப் போன்றது இது. மெல்லிய உலோகக் கிண்ணத்துக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் இது பொறி கக்கும். மூன்றாவது மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் செருகப்பட்ட குண்டு.

தோட்டா, குழாயின் பின்முனையில் அதற்கென்றே குடைந்த அறையில் உட்காருகிறது. அறைக்குப் பின்னால் போல்ட் என்ற எஃகுத் தண்டு. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போல அது முன்னே தள்ளித் திருப்பிப் பூட்டப்படுகிறது. போல்ட்டின் பூட்டுப் பற்கள் ரிசீவர் என்ற எஃகுச் சட்டத்தில் சிக்கி நிற்கின்றன. சுடுபவரின் முகம் இந்தப் பூட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது!

எவ்வளவு அழுத்தம்?

அமெரிக்காவில் பிரபலமான .30-06 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4,200 கிலோகிராம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் காற்று மண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம்தான் இருக்கும். கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில் உள்ள அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இது.

இனி ஒரு சிறு கணக்கு. கூட்டின் உட்புற அடிப்பரப்பு முக்கால் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கக் கிடைப்பது. 4,200ஐ முக்காலால் பெருக்கினால் 3,150 கிலோகிராம். மூன்று டன்னுக்கு மேற்பட்ட விசை போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளுகிறது! ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தில் இந்த அழுத்தம் தோன்றி, உச்சத்துக்குப் போய், இறங்கவும் தொடங்கிவிடுகிறது.

சிறு மாற்றம், பெரிய விளைவு

1884இல் பிரான்சு நாட்டின் பால் வியேல் என்ற விஞ்ஞானி புகையில்லா மருந்தை உருவாக்கினார். அதற்கு முன் இருந்தது கரிமருந்து. புகையில்லா மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் கூடக்கூட அது எரியும் வேகமும் கூடும். எரிவதால் வாயு பிறக்கிறது. வாயு அழுத்தத்தைக் கூட்டுகிறது. கூடிய அழுத்தம் இன்னும் வேகமாக எரிய வைக்கிறது. தீ அழுத்தத்தை வளர்க்க, அழுத்தம் தீயை வளர்க்கிறது.

ஆகவே இங்கே 'மருந்து ஒரு பங்கு கூடினால் அழுத்தமும் ஒரு பங்குதான் கூடும்' என்ற நேர்விகிதக் கணக்கு செல்லாது. மருந்தையே தொடாமல் வேறு எதையாவது மாற்றினாலும் அழுத்தம் ஏறலாம். குண்டைக் கூட்டுக்குள் ஆழமாகச் செருகினால் உள்ளே இடம் குறைகிறது, அழுத்தம் ஏறும். கூட்டின் சுவர் தடிமனாக இருந்தாலும் அப்படியே. பலமுறை சுட்டு நீண்டுபோன கூட்டின் வாய் அறையின் முனையில் இடித்து, குண்டை இறுக்கிப் பிடித்தாலும் ஏறும். குண்டு புறப்படும் முன்பே குழாயின் வரிப்பள்ளங்களைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஏறும். வேறு வகைப் பிரைமரை வைத்தாலும், தோட்டா வெயிலில் கிடந்து சூடேறியிருந்தாலும் ஏறக்கூடும்.

பித்தளையின் வேலை

இவ்வளவு வலிய எஃகு இருக்கும்போது நடுவில் மென்மையான பித்தளை எதற்கு? வாயுவை அடைப்பதற்கு. அழுத்தம் ஏறியதும் மெல்லிய கூடு பலூனைப் போல விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசிய வழியில்லை. அழுத்தம் தணிந்ததும் கூடு சற்றுச் சுருங்குகிறது; எளிதாக வெளியே வருகிறது.

இதற்குக் காரணம் மீட்சித்தன்மை. ஒரு ஜெம் கிளிப்பை லேசாக விரித்து விடுங்கள். பழைய நிலைக்கு வந்துவிடும். அதிகமாக விரியுங்கள்; விரிந்தபடியே நின்றுவிடும். முதலாவதில் மீட்சி எல்லைக்குள் இருந்தீர்கள். இரண்டாவதில் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

தோட்டாக் கூட்டிலும் இதுவே நடக்கிறது. அழுத்தத்தால் எஃகு அறையும் மயிரிழை அளவு விரிகிறது என்பதை மறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கியதும் எஃகு முழுவதுமாகத் தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. பித்தளையோ தன்னால் முடிந்த அளவே சுருங்கும். அழுத்தம் அளவோடு இருந்தால் பித்தளையின் சுருக்கம் போதுமானது; கூடு தளர்ந்து நிற்கும். அழுத்தம் மீறினால் அறை அதிகம் விரிந்து, அதிகம் சுருங்கும். அந்த அளவுக்குச் சுருங்க முடியாத பித்தளையை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைத் திருப்பினால் வராது. 'போல்ட் கனக்கிறது' என்று சுடுபவர் சொல்லும் அடையாளத்தின் உட்பொருள் இதுதான்.

சாட்சிகள் யார் யார்?

கூட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தவர் தேடியவை இவை:

1. தட்டையான பிரைமர். புதிய பிரைமரின் விளிம்பு உருண்டையாக இருக்கும். அழுத்தம் மீறினால் போல்ட்டின் முகத்தில் நசுங்கி, விளிம்பு மறைந்து, தன் குழியை முழுவதும் நிரப்பிவிடும்.

2. எரிமலை வாய். ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி உலோகம் மேடாக எழுந்திருக்கும். பிரைமரின் உலோகம் ஊசித் துளைக்குள் பிதுங்கியதன் அடையாளம் இது.

3. துளைபட்ட பிரைமர், அல்லது அதைச் சுற்றிக் கரி. வாயு பின்பக்கம் கசிந்திருக்கிறது.

4. அடித்தட்டில் பளபளப்பான தழும்பு. போல்ட்டின் முகத்தில் கூட்டை வெளியே தள்ளும் சிறு முளைக்கென்று துளை இருந்தால், பித்தளை அதற்குள் வழிந்து அச்சுப் பதியும்.

5. கனக்கும் போல்ட்.

6. தளர்ந்த பிரைமர்க் குழி. புதிய பிரைமரை வைத்தால் இறுக்கமில்லாமல் நுழையும். கூட்டின் மிகத் தடிமனான பகுதியே நிரந்தரமாக விரிந்துவிட்டது என்று பொருள். இது மிகவும் தாமதமாக வரும் சாட்சி.

பொய்ச் சாட்சிகள்

சாட்சி என்றால் குறுக்கு விசாரணை வேண்டுமல்லவா?

தட்டையான பிரைமரைப் பாருங்கள். கூட்டின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாக உள்ள, தேய்ந்த ரைபிளில், மிதமான தோட்டாவுக்கும் பிரைமர் தட்டையாகும். முதலில் பிரைமர் பின்னுக்கு நழுவுகிறது. பிறகு கூடு பின்னுக்கு நீண்டு அதன்மேல் மோதி நசுக்குகிறது. அங்கே குற்றவாளி மருந்து அல்ல, இடைவெளி. எரிமலை வாயும் அப்படித்தான். ஊசித் துளை பெரிதாகத் தேய்ந்திருந்தால் சாதாரண அழுத்தத்திலும் மேடு எழும். அறை அழுக்காக இருந்தாலும் போல்ட் கனக்கும். பிரைமர்க் கிண்ணம் சில தயாரிப்புகளில் மென்மையாகவும் சிலவற்றில் கடினமாகவும் இருக்கும்.

கூட்டின் அடிக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால், அது மிகை அழுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கூடு பலமுறை நீண்டு அந்த இடத்தில் மெலிந்ததன் அடையாளம். அடுத்த முறை கூடு அங்கே இரண்டாகப் பிரியலாம். இதுவும் ஆபத்துதான், ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு.

ஆகவே ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மௌனம் சம்மதம் ஆகுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சாட்சிகள் யாருமே வாய் திறக்கவில்லை; பிரைமர் உருண்டையாக இருக்கிறது; போல்ட் எளிதாகத் திறக்கிறது. அப்படியானால் ஆபத்து இல்லை என்று சொல்லலாமா?

பழைய ரைபிளில் சொல்லவே முடியாது!

பித்தளைக் கூடும் பிரைமரும் இந்த அடையாளங்களைத் தெளிவாகக் காட்டத் தொடங்குவது பெரும்பாலும் 60,000 பவுண்டைத் தாண்டிய பிறகுதான். வலிய எஃகால் செய்த இன்றைய ரைபிளுக்கு அந்த அளவில் இன்னும் கொஞ்சம் தாங்கும் சக்தி மிச்சம் இருக்கும். ஆனால் பழைய ரைபிளின் எல்லை அதற்கு வெகு கீழே இருக்கலாம். பித்தளை இன்று வார்த்த புதிய பித்தளை. எஃகோ நூறு ஆண்டு பழையது. புதிய பித்தளை தன் வலியைச் சொல்லும். பழைய எஃகின் வலியை அது எப்படிச் சொல்லும்?

குக்கர் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் புதிதாக இருந்தபோது அது தாங்கும் அளவைக் கணக்கிட்டு வைத்த வால்வு அது. பாத்திரத்திலேயே விரிசல் விழுந்திருந்தால், வால்வு திறக்கும்வரை பாத்திரம் காத்திருக்குமா?

இதற்கு உண்மை நிகழ்ச்சிகள் உண்டு. 1892இல் அமெரிக்க இராணுவம் கிராக்-யோர்கென்சன் என்ற ரைபிளை ஏற்றது. அதன் போல்ட்டின் முன்பக்கம் ஒரே ஒரு பூட்டுப் பல்தான். 1899இல் குண்டின் வேகத்தை நொடிக்கு 2,000 அடியிலிருந்து 2,200 அடியாக உயர்த்தினார்கள். வேகம் நூற்றுக்குப் பத்துதான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது நூற்றுக்கு 21 கூடிவிட்டது. அதற்கு ஈடாக அழுத்தமும் ஏறியது. பூட்டுப் பற்களில் விரிசல் கண்டதும் அந்தத் தோட்டாக்களைத் திரும்பப் பெற்று, பழைய அளவுக்கே மாற்றினார்கள். விரிசல் கண்டது பித்தளையில் அல்ல, எஃகில் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று ஜெர்மனியின் 8 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா. 1888 மாடல் ரைபிளில் குண்டின் விட்டம் .318 அங்குலம். 1905இல் அதை .323 அங்குலமாக மாற்றினார்கள். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. பெரிய குண்டு பழைய குறுகிய குழாயில் புகுந்தால் அழுத்தம் என்னவாகும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஐரோப்பாவில் இந்தத் தோட்டாவின் வரம்பு சுமார் 56,500 பவுண்டு. அமெரிக்கத் தொழில் அமைப்போ வெறும் 35,000 பவுண்டு என்று வரம்பு கட்டியது. எந்தப் பழைய ரைபிளில் யார் அதை வைத்துச் சுடுவாரோ என்ற முன்னெச்சரிக்கைதான்! அப்படிப்பட்ட ரைபிளில் 45,000 பவுண்டு ஏறினாலும் பித்தளை வாய் திறக்காது.

1917இல் நடந்தது

பழைய எஃகின் கதையில் மிகவும் பாடம் தருவது அமெரிக்க இராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளின் கதை. 1917இல் சில ரைபிள்களின் ரிசீவர்கள் சுடும்போது வெடித்துச் சிதறின. வளையவில்லை, விரியவில்லை, பீங்கான் போல நொறுங்கின. அவை சாதாரணத் தோட்டாவைவிட அதிக அழுத்தமுள்ள சோதனைத் தோட்டாவைச் சுட்டுத் தேறியவை!

விசாரணையில் தெரிந்தது இது. தொழிற்சாலையில் எஃகை உலையில் காய்ச்சும்போது, வெப்பநிலையை அனுபவமுள்ள தொழிலாளிகள் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். இரும்பு இந்த அளவு சிவந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எரியும் டார்ச் விளக்கை வெயிலில் கொண்டு போனால் மங்கித் தெரிகிறது அல்லவா? அதேபோல வெளிச்சமான நாளில் சிவந்த எஃகு மங்கலாகத் தெரிந்தது; 'இன்னும் காயவில்லை' என்று மேலும் காய்ச்சினார்கள். மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேறுபாடு இருந்தது. மிகையாகக் காய்ந்த எஃகில் படிகத் துகள்கள் பெரிதாகி, அது நொறுங்கும் குணம் பெற்றுவிட்டது.

வெடித்த ரைபிள்களில் சிலவற்றில் இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. தோட்டாக் கூட்டின் அடிப்பகுதி வேண்டிய அளவு கடினமாக இல்லை. மென்மையான பித்தளை கிழிந்தது; வாயு ரிசீவருக்குள் பாய்ந்தது; நொறுங்கும் எஃகு அந்தத் திடீர் அடியைத் தாங்கவில்லை. கூடு ஒழுங்காக அடைத்து நின்றவரை அந்த ரிசீவர் ஆயிரம் முறை சுட்டாலும் ஒரு குறையும் காட்டியிருக்காது.

பிறகு உலைகளில் வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர் கருவிகளை வைத்தார்கள். எஃகை இருமுறை பதப்படுத்தும் புதிய முறையும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் வரிசை எண் 8,00,000க்கும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507க்கும் முன் உள்ளவை 'கீழ் எண்' ரைபிள்கள் என்று பெயர் பெற்றன. பழுதுக்குத் திரும்பி வந்த அத்தகைய ரிசீவர்களை மறுபடி வழங்க வேண்டாம் என்று 1928இல் இராணுவம் முடிவு செய்தது. ஜூலியன் ஹாட்சர் என்ற இராணுவ அதிகாரி இந்த விவரங்களைத் தொகுத்து 1947இல் நூலாக வெளியிட்டார். கீழ் எண் ரைபிளைச் சுடாமல் சுவரில் மாட்டி வைப்பதே நல்லது என்று அறிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? உலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து ஏமாந்த தொழிலாளியும், பிரைமரின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து ஏமாறும் துப்பாக்கிக்காரரும் செய்வது ஒரே பிழை. அளக்க வேண்டியதை இருவரும் அனுமானித்தார்கள்.

அளப்பது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் ராட்மன், பீரங்கியின் அழுத்தத்தால் ஒரு கூரிய முனை செம்பில் எவ்வளவு பதிகிறது என்று பார்த்து அளந்தார். 1860களில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ நோபிள் ஒரு சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று அளந்தார். நசுங்கல் அதிகமானால் அழுத்தம் அதிகம். இந்த முறை நூறு ஆண்டுக்கு மேல் பயன்பட்டது. ஆனால் செம்பு நசுங்கச் சிறிது நேரம் வேண்டும். அழுத்தத்தின் உச்சமோ கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நிற்பதில்லை. எனவே செம்பு உண்மையான உச்சத்தைவிடக் குறைவாகவே சொல்லும்.

இப்போது குவார்ட்ஸ் படிகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த முறையில் 60,000 பவுண்டு வரம்புள்ள அதே .30-06 தோட்டாவுக்குச் செம்பு உருளை முறையில் வரம்பு 50,000 அலகு. தோட்டா ஒன்றே, அளவுகோல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பத்தாயிரம் பிழை!

வீட்டில் இருப்பவரிடம் இந்தக் கருவிகள் இருப்பது அரிது. ஆனால் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி எளிதில் கிடைக்கிறது. அது பித்தளைக்கு முன்பே பேசும் சாட்சி. வேகம் சும்மா வராது. அதே நீளக் குழாய், அதே குண்டு, அதே மருந்து என்று இருக்கும்போது, சோதனைச்சாலை வெளியிட்ட அட்டவணையைவிட வேகம் அதிகமாக வந்தால் அழுத்தமும் அதிகம் என்று கொள்ள வேண்டும். பிரைமர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

அனுபவசாலிகள் பின்பற்றும் ஒழுங்கு இது. முதலில், ரைபிள் எந்த மாடல், என்ன எண், என்ன நிலை என்பதைத் துப்பாக்கி நிபுணரிடம் காட்டி அறிவார்கள். அந்தப் பழைய மாடலுக்கென்றே சோதனைச்சாலை தந்த குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். அடையாளம் தெரிந்தால் சுடுவதை நிறுத்துவார்கள். 'கடைசியாக என்ன மாறியது?' என்று கேட்பார்கள்: கூடா, பிரைமரா, குண்டின் ஆழமா, வெயிலா? மீதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல் பிரித்துவிடுவார்கள். அடையாளம் தெரியாவிட்டாலோ, வரம்பைத் தாண்ட மாட்டார்கள். சாட்சி பேசும்வரை ஏறிப் பார்ப்போம் என்ற எண்ணம் பழைய ரைபிளில் செல்லாது.

செய்து பாருங்கள்

இந்தத் தத்துவத்தைத் துப்பாக்கி இல்லாமலே பார்க்கலாம்.

வேண்டியவை: முழுச் சாக்பீஸ்கள் இரண்டு, மெல்லிய செம்புக் கம்பி, பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி, காலி டப்பா, நூல், மணல்.

செம்புக் கம்பியைக் கொக்கியாக வளையுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு மேசைகளை நெருக்கி வைத்து, நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, அதன்மேல் சாக்பீஸைப் பாலம் போல வையுங்கள். சாக்பீஸில் ஒரு நூல் வளையம். அதில் கொக்கி. கொக்கியில் டப்பா. டப்பா விழும் இடத்தில் ஒரு பழைய துணியை மடித்துப் போடுங்கள்; காலை அங்கே வைக்காதீர்கள். மணலைச் சிறிது சிறிதாக டப்பாவில் போடுங்கள். சற்று நேரத்தில் கொக்கி விரியத் தொடங்கும். உடனே நிறுத்துங்கள். சாக்பீஸ் பத்திரமாக இருக்கும். கொக்கி நல்ல சாட்சி. ஆபத்துக்கு முன்பே பேசிவிட்டது.

இனி ஸ்போக் கம்பியைப் பெரியவர் ஒருவர் குறடால் கொக்கியாக வளைத்துத் தரட்டும். மறுபடியும் மணலைப் போடுங்கள். கொக்கியையே பார்த்துக்கொண்டிருங்கள். அது அசையாது. நீங்களும் 'ஒன்றும் ஆகவில்லை' என்று இன்னொரு பிடி மணல் போடுவீர்கள். திடீரென்று சாக்பீஸ் 'படக்' என்று ஒடியும். கொக்கியை எடுத்துப் பாருங்கள்; வளைந்த அடையாளமே இருக்காது. அது பொய் சொல்லவில்லை. 'நான் நலமாக இருக்கிறேன்' என்றுதான் சொன்னது. சாக்பீஸைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லையே!

காய்ச்சல் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கரகரப்பு இல்லை என்பதால் பழைய பாலம் உறுதியானது என்று ஆகிவிடாது. எந்த அடையாளத்தைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சாட்சி எந்த அளவில் பேசத் தொடங்கும்? நாம் காக்க வேண்டிய பொருள் அதற்கு முன்பே உடைந்துவிடுமா? சுட்ட கூட்டைப் பார்க்கும் துப்பாக்கிக்காரருக்கும், சோதனைக்கூடத்தில் நிற்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி பொது.

சிந்திக்க

1. ஒரு ரைபிளில் சுட்ட கூட்டின் பிரைமர் தட்டையாக இருக்கிறது. ஆனால் குண்டின் வேகம் அட்டவணையில் உள்ளதைவிடக் குறைவு. எதைச் சந்தேகிப்பீர்கள்?

2. கூட்டின் உட்புற அடிப்பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2,500 கிலோகிராம். போல்ட்டின் மீது விசை எவ்வளவு?

3. மேலே சொன்ன சோதனையில் ஈரமான சாக்பீஸை வைத்தால் எந்தக் கொக்கி நல்ல சாட்சியாக இருக்கும்? செய்து பார்த்து எழுதுங்கள்.